தாடையில் கட்டிய ரிப்பன்

பஞ்சில் வெள்ளை வந்தது.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் அதைக் கோளாறு என்றே நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பழைய ஓவியங்களைத் துடைத்துத் துடைத்தே கண் பூத்துப்போன அவளுக்குத் தெரியும், நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான எண்ணெய் ஓவியத்தை எச்சிலால் துடைத்தால் பஞ்சில் என்ன நிறம் வரும் என்று. பழுப்பு வரும். விளக்குப் புகையும் அடுப்புப் புகையும் யார் யாரோ ஊதித் தள்ளிய சிகரெட் புகையும் சேர்ந்த டீத்தண்ணி நிறம். பெயின்ட் வராது. அந்த வயசுப் பெயின்ட் கல்லாக இறுகியிருக்கும், எச்சிலுக்கெல்லாம் மசியாது.

ஆமாம், எச்சில்தான். முகம் சுளித்துப் பிரயோஜனமில்லை, இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிறதுதான், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவே. மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஒரு புரட்டுப் புரட்டி, ஓவியத்தின் மேல் மெதுவாக உருட்டினால் அழுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு வரும், பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. கடையில் விற்கிற எந்தத் திரவத்துக்கும் அந்தப் பதம் கிடையாது. ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. படத்தைத் தொட்ட பஞ்சு திரும்ப வாய்க்குப் போகக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், பாதரசம் இருக்கும், இன்னும் என்ன எழவெல்லாமோ இருக்கும். எப்போது பார்த்தாலும் கையில் பஞ்சும் குச்சியுமாகத் திரிந்ததால் மியூசியத்தில் அவளுக்குப் பஞ்சு மேடம் என்றே பேர் நிலைத்துவிட்டது.

அவள் குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெளியே மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது, கண்ணாடியில் மழை வழிந்தது, ஆளி எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த அறையின் வாசனை ஈரத்தில் இன்னும் கனமாக இறங்கியிருந்தது. பஞ்சின் நுனியில் அந்த வெள்ளை, அப்போதுதான் பூசியது மாதிரி ஈரமாக இருந்தது.

படத்தை நிறுத்தி வைக்கிற ஈசல் சட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு பிரெஞ்சுக்காரி. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் வரைந்தது. மில் முதலாளிகளும் வக்கீல்களும் கையில் காசு புரண்டு, பிரபுக்களைப் போலத் தாங்களும் சுவரில் தொங்க ஆசைப்பட்ட காலம் அது. அப்படி ஒரு முதலாளி வீட்டு மருமகளாக இருக்க வேண்டும். கறுப்புப் பட்டு உடை, இடுப்பைச் சுற்றிய சால்வை, முதுகு உயர்ந்த நாற்காலி, மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கைகள். வெள்ளை லேஸ் தொப்பி. தொப்பியிலிருந்து இரண்டு கன்னத்தையும் ஒட்டி இறங்கி, தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்ட அகலமான வெள்ளை ரிப்பன். பின்னால் ஒரே கரும்பழுப்பு. தார் கலந்த பழுப்பு அது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பெயின்டர்கள் அதன் மினுமினுப்பில் சொக்கிப்போய் வாரி வாரிப் பூசினார்கள். அது எத்தனை வருஷமானாலும் முழுசாகக் காயாது, சுருங்கும், விரியும், நெளியும்.

வெள்ளை வந்தது ரிப்பனிலிருந்து.

"வரட்டுமே, நல்லதுதானே" என்றார் காப்பாட்சியர். அந்த மியூசியத்தின் ஓவியப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. வரப்போகும் கண்காட்சிக்கு இந்தப் படத்தைத்தான் வாசலில் வைக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "நீதானே சொன்ன, ரிப்பன் பின்னால சேர்த்ததுன்னு."

சொன்னது வாஸ்தவம். புற ஊதா விளக்கில் முகமும் லேஸும் ஒரு மாதிரி தெரிய, ரிப்பன் மட்டும் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது. முகத்தில் இருந்தது ஈய வெள்ளை, ரிப்பனில் இருந்தது துத்தநாக வெள்ளை. படத்தில் விழுந்திருந்த பழைய வெடிப்புகளின் மேலேயே ரிப்பன் ஓடியது. படம் காய்ந்து வெடித்து வெகுகாலம் கழித்து யாரோ தீட்டியது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"சேர்த்தது சரிதான் சார். ஆனா ஒரே ஆள் சேர்த்த மாதிரி தெரியல" என்றாள் அவள். "ஓரத்துல கடுகளவு எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தேன். ரிப்பன், அது மேல வார்னிஷ், மறுபடி ரிப்பன், மறுபடி வார்னிஷ். அடுக்கடுக்கா போகுது. ஒருத்தர் வரைஞ்சது மங்க மங்க, அடுத்தவங்க வந்து அதே இடத்துல அதே ரிப்பனைப் போட்டிருக்காங்க."

"வேலையத்தவங்க."

"கர்ச்சீப் அகலத்துக்கு ரிப்பன் கட்டுற வழக்கம் அந்தக் காலத்துலயே போயிடுச்சு சார். அப்புறமும் விடாம போட்டிருக்காங்க."

"எடுத்துடு பஞ்சு. நிஜமான தாடை எப்படித்தான் இருக்குன்னு பார்த்துடுவோம்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவள் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், அசிட்டோன் வைத்துப் பார்த்தாள். ரிப்பன் அசையவே இல்லை. எச்சில் பட்டால் மட்டும் இளகிக்கொண்டு வந்தது.

அவள் மனசு முழுசாக அங்கே இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பாள். மனசு வீட்டில் இருந்தது. நாலு வயசு மகளுக்கு மழை பிடித்த நாளிலிருந்து இழுப்பு. ஒவ்வொரு மூச்சும் துருப்பிடித்த கீல் மாதிரிக் கிறீச்சிட்டு ஏறும், கிறீச்சிட்டு இறங்கும். பாத்திரம் கழுவும்போதும் குளிக்கும்போதும் அவள் காது அந்தச் சத்தத்தின் மேலேயே கிடக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, வீட்டுக்கு அனுப்பி, மறுபடி சேர்த்து, மறுபடி அனுப்பியிருந்தார்கள். பெற்றது ஒன்றே ஒன்று. அதுவும் எத்தனையோ கலைந்த பிறகு தங்கியது.

வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிற கணவன் மத்தியானங்களில் வீடியோவில் கூப்பிடுவான். அன்றைக்கும் கூப்பிட்டான்.

"உன் வாலு உன்னைப் பார்க்கணுமாம். ஆவி பிடிக்க மாட்டேன்னு ஒரே ரகளை."

திரையில் மகள். முகத்தில் ஆவி பிடிக்கிற மாஸ்க், அதிலிருந்து தொங்கும் குழாய். "அம்மா, நான் யானை!" என்று தலையை ஆட்டினாள். குழாய் ஆடியது.

"அடிக் கழுதை" என்று இவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பில், கையில் இருந்த குச்சியைக் கை பாட்டுக்கு நாக்கில் வைத்துப் புரட்டியது. படத்தைத் தொட்ட குச்சி.

பெயின்ட்டின் ருசி இல்லை அது. நாள்கணக்கில் ஜன்னல் திறக்காத அறையின் ருசி. தூங்குகிறவர்களின் திறந்த வாயிலிருந்து விடியற்காலையில் வருமே, அந்தச் சூடு.

துப்பினாள். குழாயடிக்கு ஓடி வாயைக் கொப்புளித்தாள், நாக்கை வழித்தாள். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பைச் செய்ததில்லையே என்கிற கோபம்தான் அதிகமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகளை மடியில் போட்டுக்கொண்டு, பால் சூடாக இருக்கிறதென்று ஊதி ஊதிக் கொடுத்தாள். அடங்காத பிள்ளை, அன்றைக்கு ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

தூங்கும்போது கீல் சத்தம் கேட்கவில்லை.

முதலில் நம்பவில்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. "என்னங்க, பாருங்களேன்" என்று கணவனை உலுக்கினாள். அவனும் வந்து கேட்டான். இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தச் சாமி கண்ணைத் திறந்ததோ என்று நினைத்தாள். வாரக்கணக்கில் பாக்கி இருந்த தூக்கம் அவளை அடித்துப்போட்டது.

அடுத்தடுத்த நாட்களில் ரிப்பன் தன்னால் கழன்று வருவது போல வந்தது. ஒரு அடுக்கு எடுத்தால் கீழே இன்னொரு ரிப்பன், அதையும் எடுத்தால் அதற்கும் கீழே ஒன்று. வாய் உலர்ந்துகொண்டே இருந்தது. தண்ணீரை மடமடவென்று குடித்தாலும் எச்சில் ஊற நேரமானது. ஆனால் கை நிற்கவில்லை. வீட்டில் பிள்ளை சத்தமில்லாமல் தூங்குகிறது, இங்கே வேலை ஓடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள், அவ்வளவுதான். சந்தேகப்படத் தோன்றவில்லை.

இடது பக்கம் முழுசாக வந்தபோது உதடுகளுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தாள். மறுநாள் அந்தக் கோடு நகம் நுழைகிற அகலத்துக்கு இருந்தது. தார்ப் பழுப்பு நெளிந்திருக்கும் என்று நினைத்தாள். எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது அவளிடம். படித்த படிப்பு அப்படி.

கடைசி ரிப்பன் வந்த அன்று காப்பாட்சியரைக் கூப்பிட்டாள். அவர் வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், படத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

தாடை தொங்கியது. வாய் நன்றாகத் திறந்திருந்தது. கீழ்ப்பல் வரிசையும், அதற்குப் பின்னால் ஒரு கறுப்பும்.

"அந்தக் காலத்துல பல்லு தெரிய யாரும் உட்கார மாட்டாங்களே" என்றார். "குடிகாரனையும் கூத்தாடியையும்தான் அப்படி வரைவாங்க. முதலாளி வீட்டுப் பொம்பளையை…" நிறுத்தினார். "பஞ்சு, இவ உயிரோட உட்கார்ந்தவ இல்ல."

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களின் நீலம். நாற்காலியோடு சேர்த்துக் கட்டியதை மறைத்த சால்வையின் மடிப்பு. இத்தனை நாளும் கண்ணெதிரே இருந்தது.

"போட்டோ மலிவா கிடைக்காத காலம்" என்றார் அவர், பாடம் நடத்துகிற குரலில். பயத்தை அந்தக் குரலுக்குள் ஒளித்துக்கொண்டார் போலிருக்கிறது. "யாராவது செத்துட்டா அவசர அவசரமா பெயின்டரைக் கூப்பிடுவாங்க. உயிரோட இருக்கிற மாதிரி வரைஞ்சு குடுன்னு கேட்பாங்க. இவன் கண்ட மாதிரியே வரைஞ்சுட்டான். பொறுக்க முடியாம வீட்டுக்காரங்க கட்டிவிட்டுட்டாங்க. பொணத்துக்குத் தாடையைக் கட்டுவோமில்ல, அதே மாதிரி."

"சரி சார். ஒரு தடவை கட்டினாப் போதாதா? ஏன் திரும்பத் திரும்பக் கட்டினாங்க?"

"பெரிய கண்டுபிடிப்பும்மா இது, பேப்பர்ல வரும்" என்றார். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அவள் மட்டும் இருந்தாள். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், தூரத்தில் யாரோ இழுத்துச் சாத்துகிற கதவு, சுவருக்குள் ஓடும் குழாயின் முனகல். ஒவ்வொன்றாக அடங்கின. எல்லாம் அடங்கிய பிறகு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

கிறீச்.

ஏறியது. இறங்கியது.

எந்த உறக்கத்திலும் எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற சத்தம் அது. நடுவில் ஒரு சின்ன இருமல் வரும். வந்தது. இருமிய பிறகு மூக்கை உறிஞ்சும். உறிஞ்சியது.

அவள் ஈசலைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். மேஜை இடுப்பில் இடித்தது. அப்போதுதான் டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. இழுப்பு வந்த முதல் நாளே சொன்னது. சத்தம் கேட்டா பயப்படாதீங்கம்மா, காத்து போயிட்டு வருதுன்னு அர்த்தம். சத்தமே கேட்கலன்னாதான் தூக்கிட்டு ஓடி வரணும். சந்தோஷத்தில் எப்படி மறந்தாள்? என்ன ஜென்மம் அவள்?

ஓடி வந்தபோது வீட்டு வாசலில் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் சோப்புத் தண்ணீர் டப்பா, முட்டை விடுகிற வளையம். வளையத்தை வாய்க்கு நேரே பிடித்துக் கன்னத்தை உப்பி ஊதினாள். வளையத்தில் சோப்புப் படலம் மினுங்கியது. அசையவில்லை. மறுபடி ஊதினாள். படலம் கண்ணாடி மாதிரி நின்றது.

"ஊத வரலம்மா" என்றாள்.

குரல் வந்தது. ஆனால் பக்கத்திலிருந்து வரவில்லை, எங்கோ அடைத்துக் கிடக்கிற அறைக்குள்ளிருந்து வந்தது. அவள் மகளின் சட்டையைத் தூக்கி நெஞ்சில் கையை வைத்தாள். சூடு இருந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. மூக்கின் கீழே விரலை வைத்தாள். ஒன்றும் படவில்லை. பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த வாய், சிரித்து முடித்த பிறகும் மூடவில்லை.

"என்னங்க!" என்று அவள் கத்திய கத்தலில் கணவன் செருப்பில்லாமல் ஓடி வந்தான். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. இப்பவே."

"என்னாச்சு? நல்லாத்தானே விளையாடிட்டு இருந்தா?"

"கேள்வி கேட்காதீங்க, போங்க. நான் வந்துடறேன்."

"எங்க போற நீ? ஏய், பிள்ளையை விட்டுட்டு எங்க போற?"

பதில் சொன்னால் நம்ப மாட்டான். தெருவில் ஓடினாள்.

மியூசியத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். தன் அறையைத் திறந்தாள். இருட்டுக்குள் மூச்சு. அதே மூச்சு, இப்போது பலமாக, பசியோடு. விளக்கைப் போட்டாள். வாய் முன்னைவிடப் பெரிதாகத் திறந்திருந்தது.

கட்டிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டினால் அடங்கும். அவளுக்கு அது மட்டும்தான் தோன்றியது. தட்டில் வெள்ளையைப் பிதுக்கினாள். பழுது பார்க்கிறவர்கள் வைத்திருக்கிற பெயின்ட், சீக்கிரம் காயும், வேண்டாமென்றால் துடைத்துவிடலாம். அகலத் தூரிகை. தொப்பியின் ஓரத்தில் தொடங்கி இடது கன்னம் வழியாக இழுத்தாள். கோடு நடுங்கவில்லை. தொழில் தெரிந்த கை.

தாடை ஏறியது. கண்ணுக்கு முன்னால், மெதுவாக.

வலது கன்னம். தாடைக்குக் கீழே வளைவு. கீழ்ப்பல் மறைந்தது. கறுப்பு குறுகிக் கோடானது. சத்தம் சின்னதானது. இன்னும் சின்னதானது. முடிச்சு. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இறுக்கி.

நின்றது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் தரையில் உட்கார்ந்தாள். முழங்கைவரை வெள்ளை. "போதும்டி, போதும், விட்டுடு" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். பாரம் இறங்கிய அழுகை.

போன் அடித்தது. கணவன்.

"என்னங்க, மூச்சு வந்துடுச்சா? சொல்லுங்க, வந்துடுச்சுல்ல?"

அந்தப் பக்கம் காலடிகள், யாரோ ஓடுவது, ஏதோ தள்ளுவண்டியின் உருளல்.

"டாக்டருங்க எல்லாரும் வந்துட்டாங்க" என்றான். அவன் குரல் மாதிரியே இல்லை. "வாலு முழிச்சுத்தான் இருக்கா. என்னையே பார்க்குறா. வாய்தான்… மூடினா திறந்துக்குது. மூடி மூடி விடறேன், தொங்கிப் போயிடுது. கையால பிடிச்சுட்டு நிக்கிறேன். நீ எங்க இருக்க?"

அவள் படத்தைப் பார்த்தாள்.

வாயைக் கட்டிவிட்டாள். உள்ளே போன பிள்ளையின் மூச்சு வெளியே வருவதற்கு முன்னால்.

போன் தரையில் விழுந்தது. ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள், மூடி திறக்கவில்லை, பல்லால் திறந்தாள். பஞ்சு தேடவில்லை. சேலைத் தலைப்பை நனைத்து அழுத்தித் துடைத்தாள். ரிப்பன் வந்தது. ஒரே இழுப்பில் வந்தது. கன்னம், தாடை, முடிச்சு, எல்லாம் வழிந்தது.

வாய் திறக்கவில்லை.

உதடுகள் ஒட்டியிருந்தன. கன்னங்கள் லேசாக உப்பியிருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கு உப்புவது போல.

வாய்க்கு நேரே படம் தீட்டிய துணி புடைத்தது. உள்ளிருந்து. ஒரு சின்னப் புடைப்பு, கைப்பிடி அளவு. அமுங்கியது. மறுபடி புடைத்தது. முன்னைவிடச் சின்னதாக.

"கேக்குதா? லைன்ல இருக்கியா?" தரையிலிருந்து கணவனின் குரல். "பேசேன். அவகிட்ட ஏதாவது பேசேன்."

"கண்ணு" என்றாள். படத்தைப் பார்த்து. "கண்ணு, அம்மா இருக்கேன். இருடா."

புடைத்தது. இன்னும் சின்னதாக.

நகத்தை உதடுகளுக்கு நடுவில் வைத்துக் கீறினாள். சிவப்பு உதிர்ந்தது. கீறினாள். அப்பளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. விரலை நுழைக்க இடம் கிடைத்தது. பிய்த்தாள்.

உதட்டுக்குக் கீழே உதடு இருந்தது. அதுவும் மூடியிருந்தது.